கல் பொறுக்கிய சனிக்கிழமை

அன்று சாந்தாமணி அம்மா கொண்டுவந்திருந்த எலுமிச்சை சாதம் நன்றாகவே இருந்தது. பெருங்காயம் கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான். காப்பெல்லிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்திருந்தோம். புதிதாக வாங்கிய கோவில் நிலத்தில் கல் பொறுக்கிச் சுத்தம் செய்யும் சேவை. டெக்சஸ் வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் முடித்துவிட்டோம்.

தீக்ஷா, இப்போது அங்கே நிற்கும் கோவிலில் மடப்பள்ளிக்குப் பின்னால் குழாய் பதிக்கத் தோண்டியபோது எலும்பு வந்ததிலிருந்து, கமிட்டிச் செயலாளராக உங்களுக்கு நிம்மதி இல்லை என்று தெரியும். "அங்கிள், எக்ஸ்பர்ட்டுக்கும் மிஸ்டேக் வரும். அதை மட்டும் எழுதிக் குடுங்க, மீதிய நான் ஹேண்டில் பண்றேன்" என்று போனில் சொன்னீர்கள். அது உங்கள் நல்ல மனசு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எனக்குத் தவறு வராது. இருபத்திரண்டு வருடம் இதைத்தான் பாடமாக நடத்தினேன்.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள், அவர்கள் பிள்ளைகள், அந்தப் பிள்ளைகள் சிதறிப் போன ஊர்கள். அதுதான் என் துறை. நம் ஆட்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிடும். பொங்கல் விழாவில் "ஹிஸ்டரியா?" என்று ஒரு முறை கேட்பார்கள். ஆப்பிரிக்கா என்றதும் சாப்பாட்டுத் தட்டைப் பார்ப்பார்கள். சோழர்கள் கடல் கடந்து போனதை எடுத்திருக்கலாமே என்று ஒருவர் உண்மையான வருத்தத்தோடு சொன்னார். பிள்ளைகளின் காலேஜ் விண்ணப்பக் காலத்தில் எல்லா அங்கிள்களிடமும் யோசனை கேட்பார்கள், என்னிடம் கேட்டதில்லை. என் மனைவி ஜலஜா கலிபோர்னியாவில், மில்பிடாஸில் வேலை கிடைத்துப் போனவள், அங்கேயே இருந்துவிட்டாள். மகன் ரோஹன் என் பிறந்தநாளுக்கு டெக்ஸ்ட் அனுப்புவான். சாக்குச் சொல்வதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. முன்கதையை முதலில் சொல்வது வாத்தியார் புத்தி.

என் வகுப்பில் கடைசி இரண்டு வருடம் ஒலீத்தா என்ற கறுப்பினப் பெண்மணி வந்து உட்கார்ந்தார். எண்பதைத் தாண்டியவர். வயதானவர்கள் வந்து சும்மா கேட்டுவிட்டுப் போகலாம் என்று எங்கள் பல்கலைக்கழகத்தில் ஒரு வசதி இருந்தது. டயாலிசிஸ் இல்லாத நாட்களில் என் வகுப்பு. அவருக்கு எட்டு வயதாக இருக்கும்போது இந்தப் பக்கத்தில்தான் அம்மா இறந்திருக்கிறார். அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு கலிபோர்னியாவுக்கு, ஓக்லண்டுக்குப் பிழைக்கப் போய்விட்டார். கிழவியாகத் திரும்பி வந்து பார்த்தால் ஏரி, ஹைவே, வீட்டு வரிசைகள். கறுப்பர்களின் பழைய இடுகாடு எங்கே இருந்தது என்று சொல்ல ஒருவரும் இல்லை.

அவர் நினைவில் மிச்சமிருந்தது தேவதாரு மாதிரியான சீடர் மரங்களும், தரையில் படர்ந்த நீலப் பூவும், ஒரு கல்லும். பெயர் வெட்ட வசதியில்லாத அப்பா அந்தக் கல்லின் மேல் சிமெண்ட் பூசியிருக்கிறார். காய்வதற்குள் இந்தப் பெண் தன் நீலக் கோலிக்குண்டை அதில் அழுத்திப் பதித்திருக்கிறாள். அம்மாவிடம் தன்னுடையது ஏதாவது இருக்கட்டும் என்று. கண்டுபிடித்துத் தருகிறேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

"என்னையும் அங்கேதான் வைக்கணும், புரொஃபசர்" என்றார் ஒருநாள். "அவ இத்தனை வருஷமா தனியா இருக்கா."

அந்த வசந்தத்தில் எங்கள் துறையை மூடினார்கள். டீன் ஒரு ஜூம் காலில் சொன்னார். நடுவில் அவர் வீட்டு நாய் குரைத்தது, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்து போனார், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஐம்பத்தாறு வயதில் இந்தப் படிப்பை வைத்துக்கொண்டு எங்கே போவது? விண்ணப்பித்த இடங்களிலிருந்து பதில்கூட இல்லை. அடுப்படியில் நின்றபடியே சாப்பிட்டேன். நாள் முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் இருந்துவிட்டு, குரல் இருக்கிறதா என்று பார்க்க இருமிப் பார்ப்பேன். செத்தால் வாடை வந்த பிறகுதான் பக்கத்து வீட்டுக்குத் தெரியும் என்ற பயம் வந்துவிட்டது. அது சாதாரண பயம் இல்லை, தீக்ஷா. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கார் ஷெட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போதுதான் சேனாபதி கூப்பிட்டார். கோவில் கமிட்டித் தலைவர் என் எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை. நிலத்தை வாங்கியாகிவிட்டது, பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் அங்கே கறுப்பர்களின் பழைய இடுகாடு இருந்ததாகக் கேள்வி என்று சொல்லிவிட்டார். மண்ணுக்குள் எலும்பு இருந்தால் கோவில் எழுப்பக்கூடாது, சல்லிய தோஷம் என்பார்கள். ஸ்தபதி ஒத்துக்கொள்ள மாட்டார், நம் ஜனங்கள் காலை வைக்க மாட்டார்கள். கட்டட அனுமதி தரும் கவுண்டி ஆபீஸும் விடாது. சேனாபதி அடுத்த நாளே காரோடு வந்தார். என்னை நிலத்துக்கு அழைத்துப் போனார்.

காரை விட்டு இறங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கிழக்கு மேற்காக, ஆள் நீளத்துக்கு, வரிசையாகப் பள்ளங்கள். சவப்பெட்டி மக்கினால் மண் அப்படித்தான் உள்வாங்கும். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு கல். ஒரு கல்லோரம் கவிழ்த்து வைத்த கோப்பை, இன்னொன்றின் மேல் கிளிஞ்சல். செத்தவர்களுக்கு அவர்கள் செய்யும் மரியாதை அது. சுற்றிலும் சீடர் மரங்கள், தரையெல்லாம் நீலப் பூ. ஒவ்வொரு வருடமும் இந்தப் படங்களைத் திரையில் போட்டு, இது என்ன இடம் என்று மாணவர்களைக் கேட்பவன் நான்.

ஒலீத்தாவின் இடம் இதுதான் என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது.

சேனாபதி என் தோளில் கையைப் போட்டார். "நீங்க சொன்னா முடிஞ்சுதுங்க சார். நம்ம ஆளுங்கள்ல இதையெல்லாம் படிச்சது நீங்க ஒருத்தருதானுங்களே" என்றார். என் மேல் ஒரு மனிதக் கை பட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது. நம்ம ஆளுங்கள்ல என்று அவர் சொன்னது என்னையும் சேர்த்து.

"ஒண்ணுமில்லைங்க. பழைய விவசாயிங்க உழும்போது பொறுக்கிப் போட்ட கல்லு" என்றேன்.

அதையே என் பட்டத்தையும் வகித்த பதவியையும் போட்டு கவுண்டிக்கு எழுதிக் கொடுத்தேன். எவரும் மறு கேள்வி கேட்கவில்லை. என் துறையில் என் பெயருக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது.

கல் பொறுக்கும் சேவை என் யோசனைதான். ஒருவனாகச் செய்தால் சந்தேகம் வரும், எல்லோருமாகச் செய்தால் அது கைங்கரியம். யார் அதிகம் கொண்டுவருவது என்று பிள்ளைகளுக்குப் போட்டி வைத்தேன். ஐ.டி. பையன்கள் தள்ளுவண்டியில் அள்ளிப் போய்க் குவித்தார்கள். நீலப் பூவைப் பார்த்து, நித்தியகல்யாணி மாதிரியே இருக்கிறதே என்று சாந்தாமணி அம்மா மடி நிறையப் பறித்து, அன்று பூஜைக்கு வைத்திருந்த பிள்ளையாருக்குச் சாத்தினார். அடுத்த வாரம் லாரி மண் கொட்டிப் பள்ளங்களைச் சமப்படுத்தினார்கள். எங்கெங்கே கொட்ட வேண்டும் என்று நான் நின்று காட்டினேன்.

அந்தக் கோலிக்குண்டுக் கல்லைக் கொண்டுவந்தவள் வெண்பா, போட்டிக்கு ஓடித் திரிந்த பிள்ளைகளில் ஒருத்தி. இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துத் தூக்கி வந்தாள். "அங்கிள், லுக், இதுல மார்பிள் இருக்கு. கேன் ஐ கீப் இட்?" என்றாள். வேண்டாம் கண்ணா என்றேன். எங்கே எடுத்தாய் என்று கேட்டேன். என் விரலைப் பிடித்துக் கூட்டிப் போய்க் காட்டினாள். அந்த நேரத்திலாவது நிறுத்தியிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் ஒரு பக்கம் பந்தி ஆரம்பித்துவிட்டது, "சார், வாங்க, உங்களுக்குத்தான் வெயிட் பண்றோம்" என்று கூப்பிட்டார்கள். கையைக் கழுவிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

கல்லை என் கார் டிக்கியில் எடுத்துப் போனேன்.

ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு ஓடைக்கரை இருக்கிறது. வெள்ளம் ஏறும் நிலம் என்பதால் யாரும் எதுவும் கட்ட மாட்டார்கள். அங்கேயும் சில சீடர் மரங்கள். குவியலிலிருந்து இன்னும் சில கற்களையும் எடுத்துப் போய்ச் சரியான இடைவெளியில், கிழக்கு மேற்கு பார்த்து நட்டேன். முன்னால் பள்ளம் பறித்தேன். நீலப் பூக்கொடியை வேரோடு கொண்டுபோய் வைத்தேன். ஒரு மழைக்காலம் போகட்டும் என்று விட்டேன். என் மாணவர்கள் யார் வந்து பார்த்திருந்தாலும் இடுகாடு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பிறகு ஒலீத்தாவையும் அவர் மகளையும் அழைத்துப் போனேன். கண் சரியாகத் தெரியாததால் அவர் குனிந்து விரலால்தான் பார்த்தார். கோலிக்குண்டு தட்டுப்பட்டதும் கை அதிலேயே நின்றுவிட்டது. "இது என்னுது" என்றார். மகள் தடுக்கத் தடுக்கக் கேட்காமல் அந்த ஈரத் தரையில் அம்மா பக்கத்தில் படுப்பதுபோல் படுத்துக்கொண்டார். நெடுநேரம் எழவில்லை. கடைசியில் நான்தான் கை கொடுத்துத் தூக்கினேன். என் கையை விடாமல் பிடித்து முத்தமிட்டார்.

கும்பாபிஷேகத்தன்று எனக்குப் பரிவட்டம் கட்டியதை நீங்களே பார்த்தீர்கள். ரோஹன்கூட வந்திருந்தான். போன குளிர்காலத்தில் ஒலீத்தா இறந்தார். அவருடைய அஸ்தியை ஓடைக்கரையில் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். மகள் கேட்டுக்கொண்டதால் நான் இரண்டு வார்த்தை பேசினேன்.

இனி நீங்கள் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். குழாய்க்காரர்கள் எடுத்த எலும்பு ஒலீத்தாவின் அம்மாவுடையது இல்லை, அது பின்வரிசையில் வேறு யாரோ. அவர் அம்மா இருப்பது கோவில் வாசலில், நம் செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில். வெண்பா காட்டிய இடம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் மட்டும் செருப்பைக் காரிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் வருவேன். என்னால் முடிந்த மரியாதை அது.

தெரியாமல் நடந்த பிசகு என்று மட்டும் எழுதாதீர்கள். தெரிந்து செய்தேன், முழுக்கத் தெரிந்தவன் என்பதால்தான் செய்ய முடிந்தது. போலீஸிடம் கொடுங்கள், கவுண்டியிடம் கொடுங்கள், பரிவட்டம் கட்டிய போட்டோவைச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஓடைக்கரையைப் பற்றி அந்த மகளிடம் சொல்ல வேண்டாம். அன்று ஒலீத்தா தரையோடு தரையாகக் கிடந்து அழுதபோது நானும் பக்கத்தில் நின்று அழுதேன், அது நடிப்பில்லை. இத்தனை வருட வாத்தியார் வேலையில் ஒரு பிள்ளைக்கு அதன் அம்மாவைக் கண்டுபிடித்துக் கொடுத்தது அந்த ஒரு தடவைதான்.