பானகத்தில் குலா மலாக்கா

பானகத்துக்குச் சாதாரண வெல்லத்தைவிடக் குலா மலாக்காதான் நல்லது, மேடம். அந்தத் தென்னை வெல்லத்தின் கருகல் வாசனையில் எந்தக் கசப்பும் அடங்கிப்போகும். சுக்கு, ஏலம், ஒரு பிழி எலுமிச்சை, அவ்வளவுதான். ஜெலுத்தோங்கில் எங்கள் ஃப்ளாட்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள், காமினி வீட்டுப் பானகம் என்றால் தெரியும்.

சுபாஷினிக்கு அது ரொம்பப் பிடிக்கும். எதிர்வீட்டுப் பெண், பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கல்யாணமாகி வந்த புதிதில், ரசம் வைக்கத் தெரியவில்லை என்று என் அடுப்படியில் வந்து நின்றாள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. அவளைத் தங்கையாகத்தான் நினைத்தேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் குடல் சுத்தம் செய்யும் பொடி விற்றுவந்தேன், உடம்பு இளைப்பதற்கு. 'ஒல்லி அக்காக்கள்' என்று ஒரு வாட்ஸாப் குரூப். சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் என் ஹாலில் கூடி ஒவ்வொருவராகத் தராசில் ஏறுவோம். முள் இறங்கியிருந்தால் கைதட்டுவார்கள், எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு யாரும் கைதட்டியதில்லை, மேடம்.

சுபாவும் குடித்தாள். கிடுகிடுவென்று இளைத்தாள். நிறுத்தியதும் போன எடை அப்படியே திரும்பி வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். முந்தின நாள் சாயங்காலம் என் வீட்டில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டவள், அப்போதும் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் குரூப்பில் அவள் குரல் வந்தது.

"அக்காங்களா, கிளினிக் டாக்டர்கிட்ட பாக்கெட்ட காமிச்சேன். இது வெறும் பேதி மருந்துதான்லா. கொழுப்பு ஒரு சொட்டும் கொறையாது, தண்ணியும் உப்புந்தான் போவுது. வெயிட் கொறைக்க இது வேலை செய்யாது. தொடர்ந்து குடிச்சா ஹார்ட்டே நின்னுருமாம். நிறுத்திருங்க."

ஒவ்வொருத்தியாகக் குரூப்பை விட்டுப் போனார்கள். அந்தச் சனிக்கிழமை நான் தராசைத் துடைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். யாரும் வரவில்லை. என் சோற்றைத் தின்றவள் என்னைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாளே என்று அழுதேன். பிறகு அவளே வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. எனக்குப் பொடிமேலதான் கோவம், உங்கமேல இல்ல."

"அட, போடி. அக்கா என்னிக்கு உங்கிட்ட கோவிச்சுக்கிட்டேன்?" என்றேன். சிரிக்கவும் செய்தேன்.

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாள். குழந்தைக்காக. விரதக்காரி, கவிச்சி புழங்கும் அடுப்பில் பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டாள். அவள் மாமியாருக்கோ மீன் இல்லாமல் சோறு இறங்காது. அவள் கணவன் மோகனராஜ்தான் என் வாசலில் வந்து நின்றான். "காமினிக்கா, விரதம் முடியிற வரைக்கும் சுபாவுக்கு உங்க வீட்லயே பொங்கிப் போடுறீங்களா? உங்கள விட்டா யாருக்கா?" என்றான்.

நானாகக் கேட்டுப் போகவில்லை, மேடம். அவர்களாகத்தான் வந்தார்கள்.

ஒருவேளைச் சாப்பாட்டைச் சுத்தமாகத்தான் சமைத்தேன். பானகத்தில் மட்டும் பொடியைக் கலந்தேன். முதலில் கொஞ்சம், போகப்போகக் கூடுதல். சாமி மேல் ஆணையாக, அவளுக்கு ஒரு பாடம் புகட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

"அக்கா, காலெல்லாம் இழுக்குது. நெஞ்சு படபடங்குது. பொடி குடிச்சப்ப இருந்த மாதிரியே இருக்குதுக்கா" என்றாள் ஒருநாள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். அவள் கண்ணில் சந்தேகமே இல்லை. விரதக்காரிக்குக் கொடுக்கும் தண்ணீரில் ஒருத்தி கை வைப்பாள் என்று அவளுக்கு நினைக்கத் தெரியாது.

"விரதம்னா அப்படித்தாம்மா. உடம்பு சுத்தமாவுது" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு இன்னொரு டம்ளர் கேட்டாள்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நானும் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு, கையில் பானகப் பிளாஸ்க்கோடு அவளுடன் நடந்தேன். படிக்கட்டின் பாதியில் அவள் தள்ளாடினாள். கண்கள் மேலே செருகின. பக்கத்திலிருந்தவர்கள் பால்குடத்தைத் தாங்கிக்கொண்டார்கள். "வேல் வேல்" என்று கூட்டம் எழுந்தது. உறுமிக்காரர்கள் அருகே வந்து வேகமாக அடித்தார்கள். யாரோ நெற்றி நிறைய விபூதி பூசினார்கள். மோகனராஜ் கன்னத்தில் போட்டுக்கொண்டு அவள் காலில் விழுந்து, "முருகா, எங்களுக்கு ஒரு புள்ளையக் குடுப்பா" என்று அழுதான்.

எல்லோரும் அவளுக்கு அருள் வந்துவிட்டது என்றார்கள். இல்லை என்று தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான்.

அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, தண்ணி" என்றாள். கையில் பிளாஸ்க் இருந்தது. கொடுத்தேன். குடித்தாள். உதடு நீலமாகிக் கை விறைத்த பிறகுதான் யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். அதுவரை நான் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தேன். வேறு யாரும் விசிறக்கூட இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

உடம்பில் உப்புச் சத்து வற்றி இதயம் நின்றுவிட்டது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அந்தப் பிளாஸ்க்கைத்தான் நீங்கள் என் வீட்டிலிருந்து எடுத்துப் போனீர்கள். வேறெதையும் தேட வேண்டாம். கலந்தது நான், கொடுத்தது நான். அவளே குரூப்பில் சொல்லியிருந்தாளே, தொடர்ந்து குடித்தால் என்ன ஆகும் என்று. அது தெரிந்தேதான் கொடுத்தேன்.

உயிர் போவதற்கு முன்னால், மருந்தின் அளவு பார்க்கக் கட்டிலோடு சேர்த்து அவளை எடை போட்டார்களாம். மோகனராஜ் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினான். "அக்கா, பாதியாப் போயிட்டாக்கா. ஏழு கிலோ கொறஞ்சிருக்கு."

ஏழு கிலோ, மேடம். என் ஹாலில் யாரும் அவ்வளவு குறைத்ததில்லை. வேலை செய்யாது என்று சொன்னாளே அவள்.