திருந்தினவனின் மனைவி

எனக்கு டிவி பார்க்கிற பழக்கமே கிடையாது சார். அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஷெட் நடத்தினவனுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? திருத்தணிக்குக் குடிவந்த பிறகு என் மனைவி ஷோபனாதான் பழக்கிவிட்டாள். தன் தம்பி இளம்பரிதி எங்கள் ஷெட்டில் கரண்ட் ஷாக்கில் போனதிலிருந்து சிரிப்பையே மறந்திருந்தவள், அந்த ஒரு தொடருக்கு மட்டும் சிரித்தாள்.

அதில் ஒரு சமையல்காரன். கூட்டாளியைக் கொன்றுவிட்டு, பாவம் தீரக் கோயில் கோயிலாக அன்னதானம் போடுகிறான். சாம்பார் கிண்டும்போதெல்லாம் அழுகை வந்துவிடும். சாம்பார் உப்புக் கரிக்கும். ஷோபனா விழுந்து விழுந்து சிரிப்பாள். சிரித்தபடியே அவள் என் பக்கம் திரும்பினால் நான் டிவியையே பார்ப்பேன். தெரிந்துதான் சிரிக்கிறாளோ?

"பாவம்ங்க அவன். திருந்திட்டான்ல, வுட்டுடலாம்," என்றாள் ஒருநாள்.

அது எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா? நானும் கிருத்திகை தவறாமல் மலை ஏறுகிறேன். மொட்டை போட்டேன். யாரிடமும் குரலை உயர்த்துவதில்லை. அதனால் நேற்று சாயங்காலம், நடுவில் விளம்பரம் வந்தபோது, அவளிடம் சொல்லிவிட்டேன். தறிக்காரர்கள் எதற்கெடுத்தாலும் என்னை விட்டுவிட்டு அவள் தம்பியைத்தான் கேட்டார்கள் என்று. அன்றைக்கு அவன் மோட்டார் ஒயரைப் பிரித்துக்கொண்டு, "பாவா, மெயின் சுவிட்சைத் தொடாதீங்க, உள்ள கை வச்சிகினு கீறேன்," என்றான் என்று. தொட்டேன் என்று.

கத்துவாள் என்று பயந்தேன். கத்தவில்லை. செல்போனை எடுத்தாள்.

"யாருக்கு?"

"ஆர்.கே.பேட்டைக்கு. நைனாகிட்ட சொல்லணும்."

"திருந்தினவன வுட்டுடலாம்னு நீதான சொன்ன?"

"அது கதைங்க." வாசல் கதவைப் பார்த்தாள். தம்பி விஷயத்தைச் சொல்ல ஆரம்பிக்கும் முன்பே நான் தாழ் போட்டிருந்தேன்.

போனை மெதுவாகத்தான் வாங்கினேன். அக்கம்பக்கத்தில் யாரும் பயந்துவிடக் கூடாது என்று டிவி சத்தத்தைக் கூட்டினேன். தலையணைகூட அவளுடையதுதான். அது மெத்தென்று இருக்கும். மூக்கையும் வாயையும் மட்டும்தான் மூடினேன். ரொம்ப நேரம் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைதான் இப்போதும் பயமாக இருக்கிறது.

கோபத்தில் செய்யவில்லை சார். கோபத்தையெல்லாம் நான் எப்போதோ விட்டுவிட்டேன். உண்மையாகவே திருந்திவிட்டேன். அதை இருந்து பார்க்கத்தான் அவளுக்குப் பொறுமை இல்லை.