திரையில் வராத பலகை

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், இன்ஸ்பெக்டர் சார். பரவாயில்லை, சூடாக இருக்கிறது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சாலையோரப் பலகையில் இருக்கும் எச்சரிக்கையை வண்டிக்குள் இருக்கும் திரையில் வரவைப்பது. ஆரணியில் சோதனை ஓட்டம். எந்த வண்டிக்கு, எங்கே, எந்த நேரம் என்ன தெரிய வேண்டும் என்று பதிவது நான்தான். சோதனை முடியும்வரை பழைய பலகைகளும் இருக்கட்டும் என்றார்கள். எங்கள் தெருப் பலகையை மட்டும் நான் எடுத்துவிட்டேன். சொந்தத் தெருவிலேயே என் வேலையை நம்பாவிட்டால் எப்படி?

எங்களுடையது நெசவாளர் தெரு. பட்டுப் பாவை, அதாவது தறியில் ஏற்றும் நீள இழைகளை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, இழை சரிபார்ப்பார்கள். அந்த நேரம் வண்டி நுழையக் கூடாது. விடிந்ததிலிருந்து எட்டு மணிவரை திரையில் எச்சரிக்கை வரும்படி பதிந்தேன்.

"மழை பேஞ்சா வெயில் வந்த பொறவுதானே பாவு நீட்டுவோம். அன்னிக்கு இன்னா பண்ணுவீங்க?" என்றாள் என் மனைவி திலகவதி.

"பேஜார் பண்ணாதே. அன்னிக்கு மாத்திக்கலாம்" என்றேன்.

அப்புறம் ஒரு நாள், என் மகள் பவித்ரா பாவின் கடைசியில், சாலைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். மணி ஒன்பது இருக்கும், வெயில் நன்றாக ஏறியிருந்தது. சாந்திநாதனின் கார் எங்கள் தெருவுக்குள் திரும்பியது. அவள் விரலில் இழை சுற்றியே இருந்தது. அவிழ்க்க மனசு வரவில்லை, அப்படியே எடுத்துப்போனோம்.

சாந்திநாதன் அரிசி வியாபாரி. காரியத்தன்று வாசலில் நின்று அழுதார். "ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரலைங்கண்ணா. வந்திருந்தா திரும்பியிருப்பேனா?" என்றார். என் பெண்ணைக் கொன்றுவிட்டு என் வேலைமேல் பழி போட்டார். திலகவதி அவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. துக்கம் ஒவ்வொருவரை ஒவ்வொரு மாதிரி பண்ணும்.

போன வாரம் வெள்ளத்தில் ஆற்றுப் பாலம் இடிந்தது. எல்லா வண்டிக்கும் எச்சரிக்கை பதிந்தேன். சாந்திநாதனின் வண்டிக்கு மட்டும் நீக்கினேன். அங்கே வைத்திருந்த தடுப்பை ஓரமாக நகர்த்தினேன். டியூஷனிலிருந்து மகள் மஹிமாவை அழைத்துக்கொண்டு அவர் தினமும் அந்த வழியாகத்தான் போவார். அது எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். பெண் போனால் எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன். திரையை நம்பி வந்தார், வேகம்கூடக் குறைக்கவில்லை. அவரைக் கரை சேர்த்துவிட்டார்கள். மஹிமாவை மறுநாள்தான் எடுத்தார்கள்.

செய்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பவித்ரா போன அன்று காலையில் மழை பெய்ததா என்று என்னைக் கேட்கும்படி திலகவதி உங்களிடம் சொல்லியிருப்பாள். வெறும் தூறல்தான் சார். அதையெல்லாம் மழை என்று சொல்ல முடியாது.