பம்ப் கொட்டகையில் ஒரெஸ்ட்டைப் பூட்டிய விவரம்

என் பெயர் நாத்யா ஹவ்ரிலியுக். வயது நாற்பத்தாறு. காலஞ்சென்ற மைரனின் மனைவி. அல்பெர்ட்டா மாகாணம், வெக்ரவில் வட்டத்தில் மாட்டுப் பண்ணை வைத்து வசித்து வருகிறேன். என் கணவரின் அண்ணன் ஒரெஸ்ட் கொடுத்த புகாரின் பேரில் விசாரிக்க, நான் சொல்வதாவது:

சென்ற இலையுதிர் காலம் முதல் எங்கள் தண்ணீர்க் கிணற்றில் குமிழி வந்தது. ஒரெஸ்ட், கைவிட்ட எரிவாயுக் கிணறுகளைச் சிமெண்டால் அடைக்கும் குழுவின் மேஸ்திரி என்பதால் அவரையே கேட்டோம். கிறிஸ்துமஸ் விருந்தில் நான் ஊற்றிய பீட்ரூட் சூப்பைக் குடித்துக்கொண்டே, "உன் மாடு விடுற காத்துதான் நாத்யா. பின்னால ஒரு கார்க்கு வச்சு அடை" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார்.

அதன் பிறகு பிப்ரவரியில், பம்ப் கொட்டகையில் உறைந்த குழாயை இளக்க என் கணவர் பர்னரைப் பற்றவைத்ததும் கொட்டகை வெடித்தது. முகமும் கைகளும் வெந்து எட்மன்டன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அங்கு வந்தும் ஒரெஸ்ட் சாண வாயு என்றே சொன்னார்.

அதன் பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண்மணி வந்து, எங்கள் தண்ணீரில் இருந்த வாயுவையும் சுற்றியுள்ள எரிவாயுக் கிணறுகளின் வாயுவையும் தனித்தனியே பிடித்துச் சென்று ஐசோடோப்பு சோதனை செய்தார். சாண வாயுவில் எடை கூடிய கரி அணுக்கள் குறைவு என்றும், ஆழத்துப் பாறையில் வெந்த வாயுவில் அவை அதிகம் என்றும், பாறைக்குப் பாறை அந்த அளவு மாறும் என்றும் விளக்கினார். எங்கள் தண்ணீரில் வந்தது, எங்கள் கனோலா எண்ணெய்வித்து வயலில் மூடப்பட்ட பழைய எரிவாயுக் கிணற்றின் ஓரம் கசிந்த அதே வாயு. அந்தக் கிணற்றை அடைத்தவர் ஒரெஸ்ட்.

இதைச் சொன்னதற்கு அவர், "ரெண்டு பொம்பளைங்க மோந்து பாத்து கண்டுபிடிச்சீங்களாக்கும்" என்றார். வெடித்த இடத்திலேயே கட்டிய புது பம்ப் கொட்டகையைப் பார்க்க வாருங்கள் என்று கூட்டிப் போய், அவர் நுழைந்ததும் வெளியே தாழிட்டேன். உள்ளே வாயு சேர்ந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். அவர் எங்கள் வீட்டு மேஜையில் விட்டிருந்த சிகரெட்டையும் லைட்டரையும் ஜன்னல் வழியே போட்டேன்.

"புடிச்சிட்டு இருங்க மாமா. மாட்டுக்குத் தீனி வச்சிட்டு வரேன்" என்றேன்.

திரும்பி வந்தபோது ஜன்னல் கம்பியில் வாயை வைத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். "சிமெண்ட் பத்தல நாத்யா. பாதியிலயே மூடிட்டேன்" என்றார். எப்போது தெரியும் என்று கேட்டேன். முதல் குமிழி வந்தபோதே தெரியும், வேலை போய்விடும் என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை என்றார். அதன் பிறகும் நான் வீட்டுக்குப் போய் ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்துதான் திறந்தேன். அவர் கால்சட்டை நனைந்திருந்தது. நான் பார்ப்பதை அவர் பார்க்கும்வரை நின்றேன்.

மறுநாள் மருத்துவமனையில், இன்னும் கண் கட்டிக் கிடந்த என் கணவர், "அண்ணன் வரலியா? அவன் ஒருத்தன்தான் நமக்குத் துணை" என்றார். இப்போது எதுவும் சொல்ல வேண்டாம் என்று நர்ஸ் எனக்குக் கை காட்டினார். நான் சோதனை முடிவு முழுவதையும் ஒரெஸ்ட் சொன்னதையும் சொன்னேன். என் கணவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு என்னிடம் பேசவில்லை. அந்த வாரமே இறந்தார்.

மேலே உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதில் கூட்டியதும் இல்லை, விட்டதும் இல்லை. யாரும் வற்புறுத்தாமல் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) நாத்யா ஹவ்ரிலியுக்