தட்டிப் பார்த்து வாங்கிய ஆறு கப்புகள்

“உங்களுக்கு லீவு குடுத்தது கப்பைத் தட்டிப் பாக்குறதுக்கா?” என்று முன்சீட்டுப் பெண் கணவரிடம் கேட்டாள். விருத்தாசலத்திலிருந்து மங்கலம்பேட்டை போகும் பஸ். அவர் மடியில் பீங்கான் கப்புகள். பஸ்ஸிலும் ஒவ்வொன்றாக விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

“கம்பெனில கொறை இருக்குதுன்னு கழிச்சுப் போட்ட செகண்ட்ஸ் குவியல்ல பாத்துதான் எடுக்கணும். ணங்குன்னு கேக்கலன்னா விரிசல் இருக்குதுன்னு அர்த்தம்.”

“அதுக்குன்னு காலைல போயி சாயங்காலமா? அத்தா கூட இருக்கணும்னு புள்ளைங்க ஸ்கூலுக்கே போவாம வூட்டுல உக்காந்திருக்குதுங்க.”

“கடையில இதே கப்பு ரெண்டு மடங்கு வெல. துபாய் வெயில்ல நிக்கிறவனுக்குத்தான் காசோட அருமை தெரியும்.”

“நாளோட அருமை தெரியலையே. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா ஒரு மாசம் வரீங்க. கடைசி நாளு இந்த ஆறு கப்புக்குப் போயிடுச்சு.”

“நல்ல கப்பும்மா. பத்து வருஷம் வரும்.”

“வரட்டும். விடிஞ்சா ஏர்போர்ட்டுக்குக் கெளம்புறீங்க. இதுல நீங்க எப்ப டீ குடிக்கப் போறீங்க?”

மங்கலம்பேட்டை வரும்வரை அவர் எந்தக் கப்பையும் தட்டவில்லை.