அளவுக் கொப்பியில் ஒரு றக்பிக்காரி

இல்லையக்கா, மூச்சை உள்ளுக்கு இழுக்காதேங்கோ. இப்ப இழுத்துப் பிடிச்சுக்கொண்டு நிப்பீங்கள். பேந்து கலியாண வீட்டில சாப்பிட்டாப்பிறகு கொழுக்கி தெறிச்சா, மிற்சம் ஊர்த் தவநாயகிக்குத் தைக்கத் தெரியாது எண்டு உங்கட குட்மேய்ஸ் பக்கம் முழுக்கச் சொல்லுவீங்கள். விடுங்கோ மூச்சை. ஆ, இதுதான் உண்மையான அளவு. பயப்பிடாதேங்கோ, நான் ஆருக்கும் சொல்லமாட்டன். தையல்காரியும் டொக்டரும் ஒண்டுதான்.

லைனிங்கில ஊசி குத்தியிருக்கிறன், அசையாமல் நில்லுங்கோ. உங்களுக்கு மூண்டு சாறிச் சட்டை, சரி. இந்தச் சிவப்புத் துணி ஆருக்கு? பொம்பிளைத் தோழிக்கோ? உங்கட தங்கச்சியின்ர மகள் தக்ஷிகாவோ தோழி? ஓ. சரி, சரி. நான் ஒண்டும் கேக்கேல்லையே. கையைக் கொஞ்சம் தூக்குங்கோ.

தக்ஷிகாவுக்குத் தைக்கிறது சுகம். ஈர்க்கில் மாதிரிப் பிள்ளை. என்னைப் பாடாப்படுத்துறவள் வேற ஒருத்தி இருக்கிறாள். றக்பி விளையாடுறவள். ஆரோ ஒரு பிள்ளையக்கா, நீங்கள் ஏன் திரும்புறீங்கள்? நேரா நில்லுங்கோ.

இந்த அளவு எழுதுற கொப்பியைப் பாருங்கோ. பெரிய பிள்ளையாகிச் சாமத்திய வீட்டுக்கு அளவு குடுக்க வந்து நிக்கேக்க அவளுக்கு மேல்கை ஒன்பது இஞ்சி. அடுத்தது மாமன்ர கலியாணம், பதினொண்டரை. நான் நாடாதான் பழுதாப் போச்சோ எண்டு பாத்தன். பதின்மூண்டு வந்தாப்பிறகுதான் சொன்னாள், றக்பி விளையாடுறன் ஆன்ரி எண்டு. எட்டுப்பேர் இந்தப் பக்கம், எட்டுப்பேர் அந்தப் பக்கம், மாடு மாதிரித் தலையைக் குடுத்துத் தள்ளுறதாம். அதில முன் வரிசையில எங்கட ஆள். கழுத்தைப் பாத்தா விளங்கும். நானும் விடாமல் தைச்சுக் குடுத்தன். ஒரு கலியாணத்தில ஆரத்தி எடுக்கக் கையைத் தூக்கினவள், கமக்கட்டுத் தையல் டர்ர் எண்டு போச்சு. வீடியோக்காரன் அதையும் எடுத்துப் போட்டான்.

ஒருக்கா முதுகு முழுக்க நீலம். நான் பயந்து போனன். ஆரடி உனக்கு அடிச்சது எண்டு கேட்டன். சிரிக்கிறாள். என்னோட மோதின பிள்ளையைப் பாத்தீங்களெண்டா என்னைப் பாவமெண்டு சொல்லமாட்டீங்கள் ஆன்ரி எண்டாள்.

பேந்து ஒருநாள் இடுப்பில ரெண்டு இஞ்சி குறைஞ்சு போய் வந்து நிக்கிறாள். காய்ச்சல் வருத்தமோ எண்டு கேட்டன். இல்லையாம், மற்ற றக்பிக்கு மாறிட்டாளாம். எனக்கு அப்பதான் தெரியும் றக்பியே ரெண்டு எண்டு. ஒண்டு பதினைஞ்சு பேர், மற்றது பதின்மூண்டு பேர். முந்தி ஒண்டாத்தான் இருந்ததாம், நூறு வருசத்துக்கு முன்னமே சண்டை பிடிச்சுப் பிரிஞ்சுதாம். சிரிக்காதேங்கோ, எங்கட கோயில் பிரிஞ்சது மாதிரித்தான். பிள்ளையார் ஒண்டு, கொமிட்டி ரெண்டு. அங்க போய்க் கும்பிட்டா இங்கத்தையாக்கள் முகம் குடுத்துக் கதைக்கமாட்டினம், அப்பிடி.

பதின்மூண்டு பேர் விளையாட்டு இங்கிலாந்தின்ர வடக்கிலதானாம் பெரிசு. லீட்ஸுக்குப் போயிட்டாள். பகல்ல பள்ளிக்கூடத்தில வேலை, பின்னேரம் பயிற்சி. அங்க தலையைக் குடுத்துத் தள்ளுற வேலை இல்லை, ஒரே ஓட்டம். முதல் மட்ச்சில விழுத்திப்போட்டாங்களாம். இவள் பழைய பழக்கத்தில பந்தைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு கிடந்தவளாம். பதினைஞ்சு பேர் விளையாட்டில விழுந்தா, எங்கட ஆக்கள் ஓடிவந்து மேல காவலுக்கு நிப்பினமாம். இதில ஒருத்தரும் வரமாட்டினம். தானே எழும்பி, பந்தைக் காலால பின்னுக்குத் தட்டிவிட வேணும். முழுச் சனமும் எழும்படி எழும்படி எண்டு கத்த, இவள் ஆக்கள் வருவினமெண்டு பாத்துக்கொண்டு கிடந்தாளாம். சிரிச்சுச் சிரிச்சுத்தான் சொன்னவள். எனக்கு அண்டைக்கு நித்திரை வரேல்லை.

தாயோ? ஓம், தாயைத் தெரியாமல் என்ன. அருமையான மனுசி. ஆருக்கும் ஒரு கஷ்டமெண்டா முதல் ஆளா நிப்பா. ஒரே ஒரு குறை, சனத்துக்குப் பயம். மகள் லீட்ஸில மாஸ்டர்ஸ் படிக்கிறாள் எண்டு சொல்லிப்போட்டா. அது நாலு வருசம் ஓடினது. நாலு வருச மாஸ்டர்ஸ்! ஆரோ ஒரு வாயாடி கேட்டிட்டாவாம், உங்கட பிள்ளை என்ன, பெயிலோ எண்டு. பாருங்கோ, பொய் சொல்லியும் மானம் போச்சு.

தண்ணி வேணுமோ? வேர்க்குது உங்களுக்கு. யன்னலைத் திறந்து விடுறன். இல்லை, இல்லை, ட்ராம் எட்டு நிமிசத்துக்கு ஒண்டு வரும், இருந்து போகலாம். இன்னும் தோள் அளவு எடுக்கேல்லை.

போன வருசம் திருப்பியும் லண்டனுக்கு வந்திட்டாள். பழைய பதினைஞ்சு பேர் விளையாட்டுக்காரர்தான் கூப்பிட்டவையாம். அவையே முதல் ஆறு மாசம் இவளை லீட்ஸ்காரி எண்டுதான் சொன்னவையாம். அங்கத்தையாக்கள் விட்டிட்டுப் போனவள் எண்டு சொல்ல, இங்கத்தையாக்கள் வந்தவள் எண்டு சொல்ல, ஒரு இடமும் சொந்தமில்லாமல் நிண்டு விளையாடி, போன மாசம் இவளையே கப்டனாக்கிப்போட்டினம். எனக்கு போன்ல படம் அனுப்பினவள். மூக்கில பிளாஸ்டர், பல்லுக் காட்டிச் சிரிப்பு. வடிவெண்டா அப்பிடி ஒரு வடிவு. நான் அழுதிட்டன். எனக்கென்ன, நான் தையல்காரி, அவளை அளந்ததுதான் என்ர உறவு.

ஒருநாள் கேட்டன், அம்மா ஒருக்கா எண்டாலும் வந்து பாத்தவவோ எண்டு. இல்லை ஆன்ரி, அம்மாக்கு வேலை கூட எண்டாள். தாயை விட்டுக்குடுக்கமாட்டாள் அந்தப் பிள்ளை.

சரி, திரும்புங்கோ. தோள் பதினைஞ்சு.

போன செவ்வாய்க்கிழமை வந்தவள். ஹவுன்ஸ்லோவில தானே போய்ச் சாறி எடுத்துக்கொண்டு வந்தவள், பச்சைப் பட்டு. தம்பிக்குக் கலியாணமாம், ஓகஸ்ட்டில. அப்ப நீதானேடி தோழி, மாப்பிள்ளையின்ர சொந்த அக்கா நீயல்லோ பொம்பிளைக்குப் பக்கத்தில நிக்கவேணும் எண்டன். இல்லையாம். தங்கச்சி முறையான ஒருத்தி நிக்கிறாளாம், அவள் படத்துக்கு நல்லா இருப்பாளாம். தான் பின்னுக்கு ஒரு கதிரையில இருப்பனெண்டாள். அளவெடுத்தன். மேல்கை பதினாலு. சட்டைக் கையை மணிக்கட்டு மட்டும் இறக்கித் தையுங்கோ, கழுத்தைக் காது மட்டும் ஏத்தித் தையுங்கோ எண்டாள். ஓகஸ்ட் வெக்கையில! விசரேடி உனக்கு எண்டு கேட்டன்.

தற்செயலாப் படத்தில நான் விழுந்தாலும் அம்மாக்கு வெக்கமா இருக்கக்கூடாது ஆன்ரி எண்டாள். அந்த நேரமும் சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவள்.

ஐயோ, குனியாதேங்கோ, ஊசி குத்தும். இந்தாங்கோ, முகத்தைத் துடையுங்கோ. நான் உங்களை ஏசுறனெண்டு நினைக்காதேங்கோ. பச்சைத் துணி அந்த மேசையிலதான் கிடக்கு, நான் இன்னும் கத்தரிக்கோல் வைக்கேல்லை. உந்தச் சிவப்பையும் அதுக்குப் பக்கத்தில வையுங்கோ, எந்தத் துணி ஆருக்கு எண்டு ஆறுதலா யோசிச்சுச் சொல்லலாம்.

இது ஒண்டை மட்டும் இப்ப சொல்லுங்கோ பாலாம்பிகையக்கா. உங்கட மகள் ஜதுர்ஷிகாவுக்கு நான் சட்டைக் கை எவ்வளவு நீளம் வைக்க?