கரைந்துபோகிற தையல்

புஷ்பவல்லி: ஐயோ அம்மா, மெதுவா பேசு! அப்பா காதுல விழுந்துச்சுன்னா தையல பிச்சுக்கிட்டு எந்திரிச்சிருவாரு!

இராஜம்மா: என்னத்துக்குடி இப்படி பதறுற? குடலெறக்க ஆபரேசன் நல்லா முடிஞ்சுதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. ஏன்... புண்ணு சீழ் வச்சிருக்கா?

புஷ்பவல்லி: புண்ணு சுத்தமா இருக்கும்மா. உள்ள தச்ச நூலுதான்...

இராஜம்மா: நூலுக்கு என்ன?

புஷ்பவல்லி: அது நூலே இல்லம்மா. ஆட்டுக் குடலாம்! கட்டு மாத்துற டிரெசர் சபாபதி அண்ணன் சொன்னாரு.

இராஜம்மா: முருகா! பத்துமலைக்குக் காவடி எடுக்குற மனுசன்டி. கல்யாணத்துக்கு முன்னாடியே கவுச்சிய விட்டவரு. போன மாசம் மீன் கரண்டி பட்டுச்சுன்னு ஒரு பானை சாம்பாரயும் சாக்கடையில கவுத்தாரே!

புஷ்பவல்லி: அதான் உன்ன ஜன்னலுக்கு வெளிய கூட்டியாந்து சொல்றேன்.

இராஜம்மா: ஏன், அவங்ககிட்ட பட்டு நூலு இல்லியா?

புஷ்பவல்லி: இருக்கு. மேல்தோலுக்கு அதான். தனித்தனி முடிச்சா போட்டிருக்கு, ஒண்ணு அறுந்தாலும் மத்தது புடிச்சுக்குமாம். ரொம்ப இறுக்கவும் கூடாதாம், ரத்தம் ஓடாம சதை செத்துருமாம். தோலு ஒட்டினதும் வெட்டி உருவிருவாங்க. உள்ள போட்டத யாரும்மா உருவுறது? ஆட்டுக் குடலுன்னா சதை சேர்ற வரைக்கும் புடிச்சிருந்துட்டு தானா கரைஞ்சிருமாம்.

இராஜம்மா: கரைஞ்சா... ஒடம்போட கலந்துருமேடி!

புஷ்பவல்லி: நீ வேற! நம்ம ரெயில்வே லைன் அய்யாவு மாமாவுக்கு உள்ள பட்டு நூலு போட்டு என்னாச்சு? அந்தக் கறுப்பு நூலு வெளிய வர்ற வரைக்கும் சீழா வடிஞ்சுச்சே...

இராஜம்மா: ம்... அதுவும் சரிதான். காலையில கஞ்சியில உப்பு இல்லன்னு என்னத் திட்டுனாருடி. காது குளுந்து போச்சு. ஆடோ மாடோ... நல்லா இருக்கட்டும்.

பக்கிரிசாமி: ஜன்னலுக்கு அந்தாண்ட நின்னா எனக்குக் கேக்காதா? வயித்தத்தான கிழிச்சாங்க, காத இல்லியே!

இராஜம்மா: ஒண்ணுமில்லைங்க... பாசார் போறதப் பத்தி...

பக்கிரிசாமி: எதுக்கு, ஆட்டுக் குடலு வாங்கவா?

புஷ்பவல்லி: அப்பா! அசையாதீங்கப்பா, தையல் பிரிஞ்சிரும்!

பக்கிரிசாமி: எங்க அசையறது... இருமினாலே உசுரு போகுது. உள்ள வா புள்ள. அழாத. எனக்கு முன்னாடியே தெரியும்.

இராஜம்மா: தெரியுமா? யாரு சொன்னா?

புஷ்பவல்லி: சத்தியமா நான் இல்லப்பா!

பக்கிரிசாமி: கத்தி வைக்கிறதுக்கு முன்னாடியே சபாபதி வந்து கேட்டாரு. ‘அண்ணே, நீங்க காவடிக்காரரு, சொல்லாம ஆட்டுக் குடல்ல தைக்க விட மனசு வரல’ன்னாரு. அய்யாவு பட்ட பாட்ட நெனச்சேன்... ஒன் மொகத்தையும் நெனச்சேன். தைக்கச் சொல்லிட்டேன். ஒங்கம்மாகிட்ட சொன்னா அந்தச் சாம்பார் பானைய சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவா, அதான் மூச்சு விடல. முருகன்கிட்ட நான் பேசிக்கிறேன், அவரு கோவிச்சாலும் பழகினவரு. டாக்டருக்குக் கும்பிடு போட்டாச்சு, சபாபதிக்கு ஒரு மாலை போட்டுருவேன். ஆனா என் குடலு எறங்காம இப்ப அந்த ஆட்டுக் குடலுதான் புடிச்சிக்கிட்டிருக்கு... நீ படிச்ச புள்ளதான, சொல்லு... அந்த ஆட்டுக்கு நான் என்னம்மா செய்யறது?